மயில் கழுத்து நீலம்

நாமக்கல் கவிஞர் என்று நாடறிந்த வெ. இராமலிங்கம் பிள்ளை எங்கள் மோகனூரில் 1888இல் பிறந்தவர். போலீஸ் வேலையில் இருந்த தகப்பனாருக்கு ஏழு பெண்களுக்குப் பிறகு வந்த எட்டாவது பிள்ளை. 1949இல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர் ஆனார். 1971இல் பத்ம பூஷண் பெற்றார், அடுத்த ஆண்டு மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாமக்கல்லில் அவர் குடியிருந்த வீடு இன்று நினைவு இல்லம், நூலகம். ஊரில் எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் உப்புச் சத்தியாகிரகத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த நடைப்பாட்டைச் சொல்லிவிடும். அவர் ஓர் ஓவியர் என்பதைத்தான் சொல்லத் தெரியாது.

ஓவியம் அவருக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. படம் எழுதித்தான் குடும்பம் நடத்தினார். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை என்று கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, ஆட்களின் உருவப்படம் தீட்டுவதையே தொழிலாகக் கொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டெல்லி தர்பாரையொட்டி அவர் எழுதிய படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. செட்டிநாட்டுப் பக்கம் போயிருந்தபோது பாரதியாரைப் பார்க்க நண்பர்கள் அழைத்துப் போனதும் ஓவியர் என்ற முறையில்தான். அங்கே ஒரு பாட்டைச் சொல்லிக் காட்டினார். பாரதியார் மெச்சினார். அதன் பிறகு அவரைச் சுற்றி நின்றவர்களுக்கு வேண்டியிருந்தது பாட்டு. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்த தொண்டர்களுக்குத் தோளில் சுமக்கப் படம் எதற்கு? பாட்டுதானே வேண்டும்! கூட இருந்தவர்கள் எதைக் கேட்டார்களோ அது வளர்ந்தது. படம் எழுதிய கை மெல்ல மெல்லப் பின்னால் போயிற்று.

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நாட்டுக்கு அன்று அந்தப் பாட்டு தேவைப்பட்டது. ஆனால் ஒரு கலைஞனுக்குள் எந்தப் பாதி பிழைக்கிறது என்பதை அவனோடு இருப்பவர்களின் கண்ணும் காதும் தீர்மானிக்கின்றன என்ற எண்ணம் எனக்குப் பல காலமாக உண்டு. இளமையில் இது பெரிதாகத் தெரிவதில்லை. ஊர் ஊராகப் போய் நமக்கு வேண்டிய கண்களைத் தேடிக்கொள்ள முடிகிறது. முதுமையில் கால் நிற்கிற இடத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய கண்தான். அதனால் வயதான கலைஞன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்பது அவனுடைய சோற்றுக்கும் மருந்துக்கும் மட்டும் சம்பந்தப்பட்ட கேள்வியாக எனக்குப் படவில்லை. அது அவனுடைய கலையைப் பற்றிய கேள்வி.

மோகனூரில் காவிரிக்குப் போகிற தெருவொன்றில் மூன்று கிழவர்கள் சேர்ந்து ஒரு ஓட்டு வீட்டில் குடியிருக்கிறார்கள். ஒருவர் பெயின்டர், ஒருவர் ஆசாரி, ஒருவர் டிங்கர். ஊரும் அவர்களைத் தொழிலால்தான் அழைக்கிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். மூவரும் நாமக்கல்லில் ஒரே லாரி பாடி பட்டறையில் இளவயதைக் கழித்தவர்கள்.

நாமக்கல்லுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்று லாரி கம்பெனியிலிருந்து வந்தது சக்கரமும் எஞ்சினும் உள்ள வெறும் சேஸிஸ். அதை ஓட்டி வருகிறவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, திறந்த வெளியில் ஒரு பலகையில் உட்கார்ந்தபடி நாமக்கல் வந்து சேருவார். அதன் மேல் கேபினும் பாடியும் கட்டுவது பட்டறை. மரவேலை ஆசாரிக்கு, தகரம் மடிப்பதும் தட்டுவதும் டிங்கருக்கு, இரும்பு வெல்டருக்கு, சீட் குஷன்காரருக்கு, விளக்கு வயரிங்காரருக்கு. எல்லோரும் இறங்கிய பிறகு பெயின்டர் ஏறுவார். ரெட் ஆக்சைடு பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரே அடித்து, காய்ந்த பிறகுதான் எழுத்தும் படமும். நெற்றியில் குலசாமி பெயர். பக்கப் பலகையில் தாமரை, மயில், பாயும் புலி. பின்னால் பர்மிட் எழுத்து, ஒலி எழுப்பச் சொல்லும் வாசகம். ஓனரின் பெண் பிள்ளைகள் பெயரைக் கதவோரம் சின்னதாக எழுத வேண்டும். வண்டி நாக்பூருக்கும் கவுகாத்திக்கும் போகும். காவிரிக்கரையில் ஒருவர் தீட்டிய மயில் பிரம்மபுத்திராவைப் பார்த்துவிட்டு வரும்.

பட்டறையிலேயே சமைத்து, அங்கேயே சேஸிஸுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தவர்கள் இந்த மூவரும். ஆக, சேர்ந்து வாழ்வது அவர்களுக்கு முதுமையில் கற்றுக்கொண்ட புதுப் பாடம் கிடையாது. கல்யாணத்துக்கும் பிள்ளைகுட்டிகளுக்கும் நடுவில் விட்டுப்போன பழக்கத்துக்குத் திரும்பினார்கள் என்றே சொல்லலாம். ஆசாரியின் மனைவியும் பெயின்டரின் மனைவியும் காலமாகிவிட்டார்கள். டிங்கர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வீடு டிங்கருடையது, அவருடைய அம்மா விட்டுப்போனது.

காலையில் முதலில் எழுபவர் ஆசாரி. மூவரில் மூத்தவர், எண்பதைத் தொட்டுவிட்டார். வாசல் தெளித்துக் கோலம் போடுவது அவர்தான். அளவெடுத்துப் புள்ளி வைப்பதை எதிர்வீட்டுப் பெண்களே நின்று கவனிப்பார்கள். டிங்கர் சமையல். ராகிக் களியும் கீரைக் கடைசலும் பிரமாதமாகச் செய்வார், சாம்பார் மட்டும் நாளுக்கொரு ருசி. பெயின்டருக்கு அடுப்படி வராது. காய் நறுக்குவார். அவர் நறுக்கிய பீன்ஸைத் தட்டில் பார்க்க வேண்டும், ஒரே நீளம், ஒரே சாய்வு. சாப்பாடு ஆனதும் வெற்றிலை. பக்கத்தில் பரமத்தி வேலூர்க் கொடிக்கால் வெற்றிலை, வெள்ளைக்கொடியா கற்பூரியா என்று தினமும் ஒரு வாக்குவாதம். பல் போன ஆசாரிக்கு டிங்கர் சின்ன உரலில் இடித்துக் கொடுப்பார். அப்புறம் அவரவர் வேலை.

இந்த ‘அவரவர் வேலை’ என்பதில்தான் அந்த வீட்டின் உயிர் இருக்கிறது. திண்ணையின் வடக்குக் கோடி பெயின்டருக்கு. அங்கே நாள் முழுக்க வெயில் விழாத வெளிச்சம். டிங்கர் தகரத்தை வெட்டி, ஓரம் மடித்து, தட்டிச் சமன் செய்து தருவார். ஆசாரி அதற்குச் சட்டம் போடுவார். பெயின்டர் அதில் எழுதுவார். சில சமயம் கடைப் பெயர்ப் பலகை. ஃபிளெக்ஸ் வந்த பிறகு பலகைக்கு ஆள் வருவது அரிது, ஆனாலும் கையால் எழுதினால்தான் ஆகும் என்கிற பழைய ஆட்கள் ஓரிருவர் இருக்கிறார்கள். சில சமயம் கோயிலுக்கு உபயதாரர் பெயர். மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பிருந்து தெருவில் மாடுகள் வரிசை கட்டி நிற்கும், கொம்புக்கு வர்ணம் அடிக்க. ஊரில் எல்லோரும் அவரவர் மாட்டுக்கு அவரவரே அடித்துக்கொள்வதுதான் வழக்கம். இவரிடம் கொண்டுவருவது கொம்பில் சுற்றிச் சுற்றி ஏறும் கோட்டுக்காக. அந்தக் கோடு அடியிலிருந்து நுனி வரை கை எடுக்காமல் போகும். மாடு தலையை ஆட்டும். இவர் கையும் கூடவே ஆடும், கோடு மட்டும் ஆடாது. வேலை எதுவும் வராத நாட்களில் தகரத்தில் மயில் எழுதுவார். காய்ந்ததும் சுவரோரம் சாத்தி வைப்பார்.

கை இப்போது நடுங்குகிறது. நுனியில் துணி சுற்றிய குச்சியை இடது கையில் பிடித்து, அதன் மேல் வலது மணிக்கட்டைத் தாங்கித்தான் எழுதுகிறார். இது பழைய போர்டு ஆர்ட்டிஸ்டுகள் எல்லோரும் செய்வது. முன்பு ஈர வர்ணத்தில் கை படாமல் இருக்க, இப்போது நடுக்கத்தைக் கட்ட. நூலை நீலப்பொடியில் தோய்த்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் பலகையில் நேர்கோடு விழும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை டிங்கர் கையில். ஆசாரி தூர நின்று, “மேல, இன்னங் கொஞ்சம் மேல, நிறுத்து” என்பார். ஒரு பலகைக்கு மூன்று பேரா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டறையில் ஒரு லாரிக்கு எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியாது.

பெயின்டர் இங்கே வருவதற்கு முன்பு மகன் வீட்டில் இருந்தார். வெளியூர், அடுக்குமாடி. மகனும் மருமகளும் நல்லவர்கள். அதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதியவர் வீட்டைவிட்டு வந்தார் என்றதும் கொடுமைக் கதை ஒன்றை எதிர்பார்க்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. வேளைக்குச் சாப்பாடு, தனி அறை, மாத்திரை டப்பாவில் கிழமை வாரியாக மாத்திரை, எதற்கும் குறைவில்லை. வர்ண டப்பாவைத் திறந்தால் பேரனுக்கு மூச்சு இளைக்கும். அதனால் திறக்கவில்லை. குழந்தைக்காக ஒதுக்கி வைத்ததில் அவருக்கே மறுப்பில்லை. கொஞ்ச நாளில் அவர் தாத்தாவாக மட்டும் ஆனார். தாத்தாவாக இருப்பது சந்தோஷம்தான், பேரனைப் பற்றிப் பேசும்போது இப்போதும் முகம் மலர்கிறது. ஆனால் ஐம்பது வருடம் ஒருவன் எதுவாக இருந்தானோ அதைக் கேட்பதற்கு அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. “நல்லா இருக்குதுங்க தாத்தா” என்று எதை எழுதிக் காட்டினாலும் சொல்கிற அன்பு அது. தப்பு சொல்லத் தெரிந்த அன்பு அந்த வீட்டில் கிடைக்கவில்லை.

மோகனூருக்கு வந்த சில மாதங்களில் நடந்தது இது. மயில் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். மயில் கழுத்துக்கு அவர் கலக்கும் நீலம் பட்டறையில் பேர் பெற்றது. வேறு பெயின்டர்கள் வந்து டப்பாவைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். டிங்கர் சாப்பிடக் கூப்பிட வந்தவர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏனுங்ண்ணா, கழுத்து கருத்துப் போச்சுங்களே?”

“எங்கடா கருத்துது? நீலந்தான் போட்டிருக்கறேன்.”

ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு டப்பாவை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். ஒன்றில் கறுப்பு, ஒன்றில் ஆழ்ந்த நீலம். “எது எதுன்னு சொல்லு பாக்கலாம்” என்றார். பெயின்டரால் சொல்ல முடியவில்லை.

கண்புரை. இரண்டு கண்ணிலும் முற்றிக்கொண்டிருந்தது. புரை முற்ற முற்றக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சள் பாரிக்கிறது. முதலில் மங்குவது நீலமும் ஊதாவும்தான். மெல்ல மெல்ல நடப்பதால் பார்க்கிறவருக்கே தெரிவதில்லை, உலகமே அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேவுக்கு இதுவே நேர்ந்தது. தன் தோட்டத்துக் குளத்தையும் பாலத்தையும் அவர் தீட்டிய பிற்காலப் படங்கள் செம்பழுப்பாகிக்கொண்டே போயின. 1923இல் கண் அறுவை செய்த பிறகு நீலம் திரும்பக் கிடைத்தது. நம் பெயின்டருக்கும் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் நேரே போய் டப்பாவைத் திறந்து, “இத்தனை பளீர்னா இருந்துது இது?” என்று கேட்டாராம். சாத்தி வைத்திருந்த கறுத்த கழுத்து மயில்களை அன்றே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். ஒன்றையாவது வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அந்த எண்ணமே வரவில்லை, தப்பான வேலையைப் பட்டறையில் வைத்திருப்பதில்லை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதுதான். மகன் வீட்டில் மாதாமாதம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். அவர் கண் மங்கியதை யாரும் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை. செய்தித்தாளின் பெரிய எழுத்தை அவர் படித்துவிடுவார், படி இறங்குவார், பேரன் முகம் தெரியும். ஒரு ஓவியனின் கண் கெட்டதைக் காட்டக்கூடிய ஒரே இடம் அவன் கலக்கும் வர்ணம். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தபோது அது வெளிப்பட்டது. முதிய கலைஞனுக்குப் பராமரிப்பு வேண்டும் என்று சொல்கிறோம். சரிதான். அவனுடைய வேலையை வேலையாகப் பார்க்கிற, தப்பைத் தப்பென்று சொல்கிற கண்ணும் அந்தப் பராமரிப்பில் ஒரு பங்கு. நாம் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்தவை பழைய நாடகக் கம்பெனிகள். சிறுவர்களை நடிக்க வைத்த பாய்ஸ் கம்பெனிகளின் ‘கம்பெனி வீடு’ பற்றி அந்தக் கால நடிகர்கள் எழுதியதைப் படித்தால், அடியும் பசியும் கண்டிப்பும் நிறைய இருக்கின்றன. அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் கடைசி ஆண்டுகளை நினைக்கும்போது அந்த வீட்டின் மேல் ஒரு மரியாதை வருகிறது. 1867இல் தூத்துக்குடிப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். கல்யாணம் இல்லை, சொத்து இல்லை. எமனாகவும் சனீஸ்வரனாகவும் மேடையில் நின்றால் பார்ப்பவர்கள் நடுங்குவார்களாம். பிறகு நடிப்பை விட்டுவிட்டு எழுத்தும் பயிற்சியுமாகக் கம்பெனி கம்பெனியாகப் போனார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆசிரியராக இருந்தபோது அங்கே வந்து சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் தி.க. சண்முகம், வயது ஆறு. அந்தப் பையனுக்காகவே அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் சொல்லி மகிழும் செய்தி.

1921இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் விழுந்தது, பேச்சும் போயிற்று. பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்தே வாழ்ந்த மனிதருக்குப் பேச்சு போவது என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஊரில் சொந்தக்காரர் யாரிடமாவது அனுப்பியிருந்தால் அவர் ஒரு நோயாளி, அவ்வளவுதான். கம்பெனியில் அவர் கடைசி வரை வாத்தியார். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். நாடகக்காரர்கள் இன்றும் அந்த நாளில் அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் பெயரைக் காப்பாற்றியது பெற்ற பிள்ளைகள் அல்ல, அந்தக் கம்பெனி வீட்டில் அவரோடு உண்டு உறங்கிய பிள்ளைகள். சண்முகம் பின்னாளில் ‘எனது நாடக வாழ்க்கை’யில் அவரை எழுதி வைக்காமல் போயிருந்தால் நமக்குப் பாதி தெரிந்திருக்காது.

நம் காலத்துக்குப் பக்கமாக வந்தால் சோழமண்டலம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல், அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்போது, மாணவர்களும் நண்பர்களுமாக ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கிக் குடியேறினார். படம் விற்றுப் பிழைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். பத்திக் துணி, உலோக வேலை, மண் வேலை என்று கைவினைப் பொருள்கள் செய்து விற்ற காசில்தான் அந்த நிலமே வாங்கப்பட்டது. 1977இல் பணிக்கர் மறைந்தார். ஊர் நின்றது. அவர் மகன் எஸ். நந்தகோபால், சிற்பி, 2017இல் மறையும் வரை அதை முன்னின்று நடத்தினார். இன்று அங்கே மதராஸ் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் இருக்கிறது.

சோழமண்டலத்தில் எனக்குப் பிடித்தது அதன் மனை வரைபடம். அவரவருக்கு மனை, அவரவர் வீடு, அவரவர் வாசல். விற்பனைக் கூடமும் பட்டறையும் பொது. ஒரே கூரைக்கடியில் எல்லோரையும் அடைக்க பணிக்கர் முயலவில்லை. கலைஞர்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அப்படியும் எல்லோரும் தங்கவில்லை. விஸ்வநாதன் பாரிசுக்குப் போனார், எஸ்.ஜி. வாசுதேவ் பெங்களூருக்குப் போனார். மனநோயோடு போராடிய கே. ராமானுஜம், கனவு நகரங்களை மையில் எழுதிய அந்த அற்புதமான ஓவியர், 1973இல் முப்பத்திரண்டு வயதில் அங்கேயே உயிரை விட்டார். நண்பர்கள் சுற்றிலும் இருந்தார்கள், அவரை அங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொண்டவர்களும் நண்பர்கள்தாம். சேர்ந்து வாழ்வது எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நான் ராமானுஜத்தை நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறேழு ஆண்டுகளில் அவர் எழுதிய படங்களும் அந்த ஊர் இல்லாமல் கிடைத்திருக்காது.

வாசல் விஷயத்தில் மோகனூர் வீடு இன்னும் தடுமாறுகிறது. ஓட்டு வீட்டுக்கு ஒரே வாசல், ஒரே கூடம். டிங்கருக்கு ராத்திரி பத்து மணி வரை டிவி வேண்டும், காது மந்தம், சத்தம் தெரு முனைக்குக் கேட்கும். ஆசாரி எட்டு மணிக்கே படுப்பவர். ஒருமுறை கோபித்துக்கொண்டு பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கியபடி அசலதீபேஸ்வரர் கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார். ராத்திரி ஒன்பது மணிக்குப் பெயின்டர் போய், “வாங்கண்ணா, தம்பி நிறுத்திப்போட்டான்” என்று சமாதானம் செய்து கூட்டி வந்தார். பணத் தகராறும் வரும். கேஸ் சிலிண்டர் யார் முறை என்பதைப் பெயின்டர் சுவரில் எழுதி வைத்திருக்கிறார், அழகான பிளாக் லெட்டரில், ஷேடு கொடுத்து. எழுதி வைத்த பிறகும் தகராறு நிற்கவில்லை. எழுத்தின் அழகைப் பற்றி மூவருக்கும் ஒரே கருத்து.

யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்தான் அந்த வீட்டின் பலவீனம் தெரிகிறது. மூவரும் முதியவர்கள். ஆசாரி வழுக்கி விழுந்தபோது தூக்குவதற்கு இருவருக்கும் தெம்பில்லை, தெருப் பையன்கள் ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் கையெழுத்து கேட்டார்கள். “நாங்க கூட இருக்கறவங்க” என்றால் அதற்குப் படிவத்தில் இடமில்லை. ஆசாரியின் மகன் வந்து சேரும் வரை இருவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வருடப் பழக்கத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்திருக்கலாம்.

இத்தாலியின் இசைமேதை வெர்டி எழுபது வயதுக்கு மேல் மிலான் நகரத்தில் ஒரு வீடு கட்டினார். பாடிக் களைத்த பாடகர்களும் வாத்தியக்காரர்களும் முதுமையில் சேர்ந்து வாழ்வதற்காக. 1899இல் கட்டி முடித்தும், தான் உயிரோடு இருக்கும்வரை திறக்க விடவில்லை. வந்து நன்றி சொல்வார்களே என்ற கூச்சம். 1901இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 10, அவர் பிறந்த நாளில் வீட்டைத் திறந்தார்கள். அவருடைய ஓபராக்களின் உரிமைத்தொகை பல ஆண்டுகள் அந்த வீட்டை நடத்தியது. இன்றும் அங்கே மாடிக்கு மாடி பியானோ கேட்கிறது, எண்பது வயதுக்காரர் ஒருவர் வாசிப்பதை இன்னொரு எண்பது வயதுக்காரர் திருத்துகிறார். வெர்டியும் அவர் மனைவியும் அந்த வீட்டு வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்கள்.

நம் அரசு நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. நல்ல காரியம். அது இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக, மேடைக் கலைகளை மனத்தில் வைத்து உருவான திட்டம். லாரியில் மயில் எழுதியவர் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவார்? அவருக்குக் கிடைப்பது 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. வாங்கியதும் முதலில் எனாமல் வாங்குகிறார், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். நாமக்கல்லில் கேபின் கட்டும் வேலை குறைந்து, கம்பெனியிலிருந்தே கேபினோடு வண்டி வரத் தொடங்கிய பிறகு பூட்டிக் கிடக்கும் பட்டறைகள் ஒன்றிரண்டு எனக்குத் தெரியும். தகரக் கூரை, உயரமான சுவர், கிணறு, வேப்ப மரம். இந்த ஊரின் லாரிகளுக்கு ஐம்பது வருடம் முகம் எழுதிக் கொடுத்தவர்களும் சட்டம் போட்டவர்களும் கடைசிக் காலத்தில் சேர்ந்திருக்க, பட்டறை முதலாளிகள் நினைத்தால் அதில் ஒன்று போதும். நாமக்கல் பணத்துக்கு இது பெரிய செலவு கிடையாது. லாரி ஓடி வந்த காசில் கல்லூரி கட்டியிருக்கிறார்கள், கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். இதையும் கட்டலாம், கட்ட வேண்டும் என்று நான் வாய்விட்டே கேட்கிறேன்.

அப்படி ஒன்று அமைந்தால் என்ன வேண்டும் என்று மூவரையும் கேட்டேன். ஆசாரி தாமதிக்காமல் சொன்னார், “மூணு ரூமு, மூணு கதவு. கதவு நானே போட்டுக்கறேன்.” டிங்கர் சமையலறை பொதுவாக இருக்கட்டும், ஆனால் அதன் சாவி தன்னிடம் இருக்கட்டும் என்றார். பெயின்டர் யோசித்துவிட்டு, வடக்குப் பார்த்த சுவர் ஒன்று வேண்டும் என்றார். எத்தனை அடி என்று ஆசாரி கேட்டார். அவர் எழுந்து தெருவில் இறங்கி, எதிரே நிறுத்தியிருந்த கரும்பு லாரியின் பக்கவாட்டை மேலும் கீழும் பார்த்து, “இத்தனை” என்று கையை விரித்தார்.